இடைவெளி விட்டு வரவும்

டீ-ஷர்ட்டின் நெஞ்சுப் பக்கத்தில், இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் அப்படியே ஓட்டையாக விழுந்திருந்தது. கணவர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக மனைவியைப் பார்த்தார்.

"ஓடும்போது காத்தோட்டமா இருக்கும்," என்றார்.

பிரேக் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. பத்து கிலோமீட்டர் பந்தயம் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லை.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் அதன்மேலேயே இருக்கும் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. சாலையில் ஒழுங்கு தவறுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஓட ஆரம்பித்த பிறகு அந்தக் கோபம் ஓடுகிறவர்கள் மேலும் பாய்ந்தது.

பந்தய நாளில் எதை உடுத்தலாம் என்பதில் அவளிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. புதிதாக எதையும் போடக்கூடாது. புதுத் துணி உரசி உரசித் தோலை உரித்துவிடும். பந்தயம் நடத்துகிறவர்கள் தரும் டீ-ஷர்ட்டை ஓடி முடிப்பதற்குள் போடவே கூடாது. பரீட்சை எழுதுவதற்கு முன்பே பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்வது மாதிரி அது. போன வருடம் அவர்கள் ஓட்டக் குழுவின் பல் டாக்டர் அப்படிப் போட்டுக்கொண்டு வந்தார். தொடக்கக் கோட்டருகே, அத்தனை பேர் முன்னிலையில், அக்கா அதைக் கழற்ற வைத்தாள். மனிதர் உள்ளே போட்டிருந்த கிழிசல் பனியனோடு பத்து கிலோமீட்டரும் ஓடினார். அதற்கப்புறம் அவள் பல் வலிக்கு அவர் ஆஸ்பத்திரியில் நேரமே கிடைப்பதில்லை.

அவளுடைய பழைய சாம்பல் நிற டீ-ஷர்ட்டில் இருந்த கறையை எடுத்துத் தருகிறேன் என்று நேற்று கணவர் தானாகவே முன்வந்தார். கறை போனது; மகளின் சிவப்புத் துண்டிலிருந்து சாயம் வந்து சேர்ந்தது. சாயம் போக மறுபடி ஊறவைத்தார்; காலை வரை காயவில்லை. ஈரம் போக இஸ்திரி போட்டார். வீட்டு உபயோகப் பொருள் கடையில் இஸ்திரிப் பெட்டி விற்பவர் அவர். எந்தத் துணியையும் பொசுக்காது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டிருந்தார்.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, பந்தயம் நடத்துகிறவர்கள் கொடுத்திருந்த புது டீ-ஷர்ட்டை எடுத்து நீட்டினார்.

"இதைப் போட்டுக்கிட்டு அந்த டாக்டர் மூஞ்சில முழிக்கிறதுக்கு, நான் இங்கயே படுத்துக் கிடக்கலாம்," என்றாள் அக்கா.

அலமாரியில் நாத்தனாரின் டீ-ஷர்ட் ஒன்று இருந்தது. முழு மாரத்தான் ஓடி முடித்தவர்களுக்கு மட்டும் கிடைப்பது. ஓடாத பந்தயத்தின் சட்டையைப் போடுவது கள்ளக் கையெழுத்துக்குச் சமம் என்று அதை அக்கா விரலால்கூடத் தொடவில்லை. கணவர் தன்னுடையதையே எடுத்து வந்தார். அதன் முதுகில் 'ஏழே நாளில் லைசென்ஸ்' என்று பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூலின் விளம்பரம் இருந்தது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. இந்தச் சனியன் எப்படி வீட்டுக்குள் வந்தது என்று அக்கா கேட்டாள். சும்மா கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன் என்றார் கணவர். அந்த விசாரணையை அவள் மாலைக்கு ஒத்திவைத்தாள்.

சத்தத்தில் எழுந்து வந்த மகள்தான் வழி சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடியபோது போட்டிருந்த சட்டை, முதுகில் பெரிதாக 70 என்று எண் போட்டது, அடித்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது. புதிதும் இல்லை, எந்தப் பந்தயத்துடையதும் இல்லை. இரண்டு சட்டத்துக்கும் பழுதில்லை. நிறம் மட்டும் பளீர் ஆரஞ்சு.

"கண்ணக் குத்துதேடி."

"உன் முதுகை நீயாம்மா பாக்கப் போற? பின்னாடி வர்றவன் பாத்துட்டுப் போறான்."

தொடக்கக் கோட்டருகே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் அக்காவை மேலும் கீழும் பார்த்து, புதுசா என்று ஆசையோடு கேட்டார். மகளுடைய பழைய சட்டை என்று தெரிந்ததும் முகம் தொங்கிப் போய்க் கூட்டத்துக்குள் மறைந்தார். முதல் வெற்றி தனக்கே என்று அக்கா ஓடத் தொடங்கினாள்.

கொஞ்ச தூரத்திலேயே அவள் பிடரியில் யாரோ மூச்சு விடுவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். கழுத்துவரை ஜிப் போட்ட மழைச்சட்டையோடு ஒரு நடுத்தர வயதுக்காரர், அவள் குதிகாலை மிதித்துவிடுகிற நெருக்கத்தில் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டம்.

அக்கா இடது ஓரமாக ஒதுங்கினாள். கூட்டமும் இடது ஓரம் ஒதுங்கியது. வலப்பக்கம் போனாள். எல்லோரும் வலப்பக்கம் வந்தார்கள். வேகத்தைக் கூட்டினாள், தடதடவென்று அத்தனை காலும் வேகத்தைக் கூட்டின. இப்படி வால் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நடுரோட்டில் இறக்கிவிட்டு அவள் பாடம் எடுத்ததுண்டு.

"சார், முன்னால போற வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி வேணும். நான் சட்டுன்னு நின்னா என்ன பண்ணுவீங்க?"

"நானும் நின்னுருவேன் மேடம்," என்றார் மழைச்சட்டைக்காரர் பணிவாக.

என்னைத் தாண்டிப் போங்கள் என்று கார்க்காரர்கள் காட்டுவது போல் அக்கா கையை நீட்டி முன்னும் பின்னுமாக ஆட்டினாள். பின்னால் ஒருவர் மாற்றி ஒருவராக அத்தனை பேரும் கையை நீட்டி ஆட்டினார்கள். தோளுக்கு நல்லது போலிருக்கிறது என்று யாரோ சொல்வது கேட்டது. பொறுக்க முடியாமல், ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்தாள். கூட்டம் அவளைச் சுற்றி நின்றது. சிலர் தாங்களும் குனிந்து கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்கள்.

கடைசியில் பாதையோரத்தில் வைத்திருந்த தற்காலிகக் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவர்கள் போய்த் தொலையட்டும் என்று நிதானமாக இருந்துவிட்டுக் கதவைத் திறந்தால், வெளியே எல்லோரும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் என்னதாங்க வேணும்?" என்றாள் அக்கா.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்க்கிறவள். நேற்று பந்தயம் நடத்துகிறவர்கள் அனுப்பிய செய்தியை அக்கா படிக்கவில்லையா என்று அவள்தான் திருப்பிக் கேட்டாள். இந்த வருடம் புதிதாக, இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு வேகம் காட்டிக்கொண்டு முன்னால் ஓட ஆள் போட்டிருக்கிறார்கள். ஆரஞ்சுச் சட்டை, முதுகில் நிமிடக் கணக்கு. எழுபது நிமிடத்தில் முடிக்க ஆசைப்படுகிறவர்கள் எழுபதின் பின்னால் போனால் போதும்.

நேற்று ராத்திரி அக்கா அந்தச் சிவப்புச் சாயத்துக்காகக் கணவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எந்தச் செய்தியையும் படிக்கவில்லை.

இது என் மகளின் கூடைப்பந்துச் சட்டை, எனக்கும் அந்த ஏற்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரையும்விட மழைச்சட்டைக்காரரின் முகம்தான் வெளுத்துப்போனது.

"அப்படிச் சொல்லிடாதீங்க மேடம். நாங்க எங்க போவோம்?" என்றார்.

அப்படியானால் நிஜமான எழுபது எங்கே? யாரும் பார்க்கவில்லை. தூறலைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பான் என்று அக்காவுக்கு உறுதியாகத் தோன்றியது. இத்தனை பேர் நம்பி வந்திருக்கிறார்கள், இவன் பாட்டுக்குத் தூங்குகிறான். பொறுப்பில்லாத ஜென்மம். கையில் மட்டும் கிடைத்தால் ஒரு வழி பண்ணிவிடலாம் என்று ஆத்திரம் வந்தது.

கண்டக்டர் மெதுவாகச் சொன்னாள். போன வருடம் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாளாம். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் வந்த வேன் அவளை அள்ளிக்கொண்டு போனதாம். அதிலிருந்து டெப்போவில் அவளைப் பார்க்கிறவர்களெல்லாம் விசில் ஊதி, ஏறுங்க ஏறுங்க என்கிறார்களாம்.

"இந்த வருஷமும் அந்த வேன்ல ஏறிட்டா, நான் வேலைய விட்டுட்டுத்தான் போகணும் அக்கா. உங்க முதுகைப் பாத்துக்கிட்டே வந்தா முடிச்சிருவேன்னு ஒரு நம்பிக்கை வந்துச்சு."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கழிப்பறையில் ஒளிந்திருந்த நேரம் வேறு வீணாகியிருந்தது. அவளே இதுவரை எழுபத்தெட்டுக்குக் குறைந்து ஓடியதில்லை. ஆனால் காரில் ஏறிய எந்த மாணவரையும் அவள் பாதி வழியில் தவிக்கவிட்டதும் இல்லை.

"எல்லாரும் இடது ஓரமா வாங்க. ஒருத்தருக்கொருத்தர் ஒரு கை இடைவெளி. நான் சொல்றப்பதான் வேகம் எடுக்கணும்," என்றாள்.

அப்புறம் அது பயிற்சிக் கார் போலத்தான் ஓடியது. மேடு வந்தால் கியரைக் குறைங்க என்று கத்தினாள். எல்லோரும் சின்ன அடியாக வைத்து ஏறினார்கள். இறக்கத்தில் காலை விட்டுப் பிடிங்க என்றாள். கண்டக்டர் பின்தங்கியபோது அவளை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் ஆள் போட்டாள். மழைச்சட்டைக்காரர் மட்டும் விடாமல் தோளோடு ஒட்டிக்கொண்டு, இப்போது நாம் சரியான வேகத்தில்தான் போகிறோமா, தண்ணீர் எப்போது குடிக்கலாம், இந்த வேகத்தில் போனால் முடிந்துவிடுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடும்படி அக்கா இரண்டு தடவை அதட்டினாள். அவர் அதையும் மனப்பாடம் செய்வது போல் தலையாட்டினார்.

ஒரு திருப்பத்தில் கணவரும் மகளும் காத்திருந்தார்கள். முகம் சிவக்க மனைவி முன்னால் ஓடி வர, பெருங்கூட்டம் பின்னால் துரத்தி வருவதைக் கண்ட கணவர் பதறிவிட்டார்.

"இப்ப யாரை என்ன சொல்லித் தொலைச்ச?" என்று கூடவே கொஞ்ச தூரம் செருப்போடு ஓடிவந்தார். பதில் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை.

கடைசிக் கிலோமீட்டரில் கால் இரண்டும் தன்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டது. விலாவில் கத்தி வைத்துத் திருகுவது போல் வலி. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று பயந்து, பின்னால் கேட்ட காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடினாள். சத்தம் குறையவில்லை. முடிவுக் கோட்டின் மேலிருந்த கடிகாரம் அறுபத்தொன்பதைக் காட்டிக்கொண்டிருந்தபோதே அக்கா உள்ளே விழுந்தாள். கூட்டம் மொத்தமும் அவள் மேல் விழுந்தது.

கண்டக்டர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பல் டாக்டர் இன்னும் வந்து சேரவே இல்லை. இருந்தும் அக்காவுக்குச் சந்தோஷம் மனதில் ஒட்டவில்லை. ஓட ஓட அடக்கி வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு ஏறிக்கொண்டு வந்தது. நொண்டிக்கொண்டே பந்தயம் நடத்துகிறவர்களின் கூடாரத்தை நோக்கி நடந்தாள். கூட்டமும் பழக்கதோஷத்தில் பின்னாலேயே வந்தது.

மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா மேஜையைத் தட்டினாள். இது என்ன நிர்வாகம் என்று கேட்டாள். நம்பி வந்த ஜனங்களை நடுத்தெருவில் விட்டவனுக்கு ஆரஞ்சுச் சட்டை ஒரு கேடா, வேகம் காட்ட வக்கில்லாதவன் அந்த வேலைக்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும், இந்த அம்மா மறுபடி வேனில் ஏறியிருந்தால் அவனா வந்து டெப்போவில் பதில் சொல்வான் என்று மூச்சு விடாமல் கேட்டாள். கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் போட்டாள். மழைச்சட்டைக்காரரும் தலையைக் குனிந்தபடி, நியாயம்தான், நியாயம்தான் என்றார்.

"அந்த எழுபது யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்," என்றாள் அக்கா.

மேஜைக்காரப் பெண் அக்காவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். மழைச்சட்டைக்காரர் கழுத்திலிருந்து ஜிப்பை மெல்ல இறக்கினார். உள்ளே பளீரென்று ஆரஞ்சு.

"நான்தான் மேடம் அது. முதல் தடவைங்கிறதால ரொம்பப் பயமா இருந்துச்சு, முன்னாடி இன்னொரு எழுபது போறதப் பாத்ததும் அப்படியே உங்க பின்னாலயே வந்துட்டேன்."