சின்னத்தம்பி கட்டிய குசினியின் மூன்று தோற்றங்கள்

வட்டகொடை மலையில் குளிரோடு குளிராக இருந்துகொண்டு, அன்பு மகன் சின்னத்தம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோருக்கும் நல்ல சுகம். கொழும்பு வெயிலில் நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீ கட்டிய குசினி விழவில்லை, யாரும் அதை உடைக்கவும் இல்லை. அதை மனதில் நிறுத்திக்கொண்டு மீதியைப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். வரிசை வீடுகளான இந்த லயத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம், காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்துக் கல்தான். அங்கே ஏறி நின்று கத்தினால் உனக்குக் கேட்பதற்கு முன்னால் மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவுக்குக் கேட்டுவிடும். தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்காமல், சமைக்க என்று நீ லயத்துக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய குசினியைப் பற்றி அங்கே நின்று பேச எனக்கென்ன பைத்தியமா? போன வருஷம் மேல் லயத்து வீரய்யா கட்டியதைத் தோட்டத்து ஆட்கள் தகரத்தோடு பிரித்துப் போட்டதை நீயே பார்த்தாய்.

உன் மகள் சுலக்ஷனா ஸ்கூலில் வரைதல் பாடம் எடுத்திருக்கிறாள். மயிலும் தாமரையும் வரைகிற பாடம் இல்லை. மெஷினும் கட்டடமும் வரைகிற பாடம். சொல்லிக்கொடுப்பவர் ஃபாஸில் சேர், தலவாக்கலையில் ஆணியும் பூட்டும் விற்கிற சரிபுதீன் நானாவின் மகன். வாய் அதிராத பிள்ளை. ஆனால் அவர் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்டதில்லை, சின்னத்தம்பி. ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்தால் ஒன்று, பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று, மேலிருந்து பார்த்தால் ஒன்று. மூன்றையும் ஒரே தாளில் போட்டுவிட்டால் அந்தப் பொருளைப் பார்த்தே இராத ஒருவன் அதை அச்சாக அப்படியே செய்துவிடுவானாம். பிறகு அதை வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்றும் வரைய வேண்டுமாம். சேர் வகுப்பில் ஒரு கரட்டை நீளத்துக்கு ஒன்று, குறுக்கே ஒன்று வெட்டிக் காட்டினாராம். அன்றிலிருந்து நம் வீட்டில் முழுசாக ஒரு காய்கறி இல்லை. கோவாவை நடுவே பிளந்தாள், லீக்ஸைப் பிளந்தாள், பீட்ரூட்டைப் பிளந்து அதன் வளையங்களை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட முகத்தில் சாய்வாகக் கோடு போட வேண்டும் என்பது சட்டமாம், உருளைக்கிழங்கில் பேனையாலேயே போட்டுவிட்டாள். அன்றைக்குக் கறி நீலம். மருமகள் கொழுந்து மட்டம் பார்க்க மலைக்குக் கொண்டுபோகும் மட்டக்கம்பை எடுத்து, தலையில் ஒரு சட்டத்தை வைத்து ஆணியடித்து, "இது கோடு போடுற டீ-ஸ்கொயார்" என்றாள் பிள்ளை. மருமகள் கம்பில்லாமல் மலைக்குப் போய்க் கண்டாக்கு ஐயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இதற்கு நடுவில் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா மீனம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"என்னக்கா, ஒங்க பேத்தி எங்க துஷாந்தப் பாத்துக் கண்ணடிக்குது. கேட்டுக்கிட மாட்டீங்களா?"

சுலக்ஷனா உள்ளேயிருந்து, "ஒங்க மகன யாரு பாத்தா? ஆட்டோவப் பாத்தேன். பக்கத் தோற்றம் வரையணும்னா ஒத்தக் கண்ணாலதான் பாக்கணும்" என்றாள்.

"அப்ப அவன் எதுக்குடி தல சீவிக்கிட்டு நிக்கிறான்?"

"அது அவன்கிட்டக் கேளுங்க. படத்துல அவனே இல்ல."

ஆட்டோவுக்குள் யாருமில்லாமல் சக்கரமும் கூரையும் மட்டும் இருந்த அந்தப் படத்தைக் காட்டிய பிறகுதான் மீனம்மா போனாள். துஷாந்த் ரெண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி.

இனித்தான் குசினி வருகிறது. ஸ்கூலில் கண்காட்சி வைக்கிறார்கள், ஆளுக்கொரு படம், அவரவர் இருக்கிற வீட்டை அளந்து போட வேண்டும் என்றார் ஃபாஸில் சேர். பிள்ளை பத்தடி நாடாவை வாங்கி வந்து வாசல் இஸ்தோப்பிலிருந்து அளக்கத் தொடங்கினாள். நான்தான் மறுமுனை பிடித்தேன். கதவு, ஜன்னல், சுவரின் கனம், அடுப்பு மேடை, ஒன்றையும் விடவில்லை. பின்பக்கம் வந்தபோது பனி இறங்கிவிட்டது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை, குரல்தான். குசினிச் சுவரோடு ஒட்டியிருக்கிற கூட்டில் செவலைக் கோழி அன்றைக்குத்தான் அடையில் உட்கார்ந்திருந்தது. அதை எழுப்பாமல் கூட்டுக்கு வெளிப்பக்கமாகவே நின்று, நாடாவை அசையாமல் பிடித்தேன். "அப்பாயி, சரியாப் புடிச்சிட்டீங்களா?" என்று பனிக்குள்ளிருந்து கத்தினாள். "புடிச்சிட்டேன்டி, எழுது" என்றேன். அந்தப் படத்தில் என் கையும் இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

படம் முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சின்னத்தம்பி, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக அதைப் பார்த்தேன். வீட்டை நெஞ்சுயரத்தில் கத்தி வைத்து அறுத்து, கூரையோடு மேல்பாதியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, மேலே நின்று குனிந்து பார்த்தால் எப்படியோ அப்படி. காக்காவுக்குக்கூட அந்தக் காட்சி கிடைத்திருக்காது, அதற்குத் தகரம்தான் தெரியும். நம் வாசல் நடுவில் இல்லை, தெரியுமா உனக்கு? ஒரு சாண் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. இத்தனை வருஷம் நானும் இடப்பக்கம் தள்ளித்தான் நடந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். படத்தில் ஆளில்லை, அடுப்பில் புகையில்லை, கொடியில் துணியில்லை. ஆனாலும் நம் வீடு என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஒரு கோடு மற்றக் கோட்டை முட்டுகிற இடத்தில் ஒரு மயிரிழை மீறவில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், கையெழுத்துப் போடுவதற்கே கோட்டுக்கு மேலேயும் கீழேயும் போய்வருவேன். இந்தக் கை எங்கேயிருந்து வந்தது இந்தப் பிள்ளைக்கு?

லயமே வந்து பார்த்தது. மேலிருந்து பார்க்கிற படத்தைக் கீழேதான் போட வேண்டுமாம், அதுதான் முறையாம். வீட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டாள் என்று நாலு பேர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறேன் என்று பிள்ளை சொன்னதும் மீனம்மா, "ஏற்கனவே கால நீட்ட எடமில்ல, இதுல சுருக்க வேற செய்யணுமா?" என்றாள். பிறகு நடுச்சுவரில் விரலை வைத்து, "இந்தச் சொவர்ல பாதி எங்களுது. முழுசா ஒங்க பக்கமே போட்டுக்கிட்டீங்க" என்று புதுச் சண்டைக்கு வந்தாள்.

நான் மட்டும் குசினியைப் பார்த்தேன். கண்காட்சிக்குத் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைதான் முதல் விருந்தாளி. நீ நாலு விடுமுறைக்கு வந்து, கல்லைத் தலையில் சுமந்து, ஒளித்துக் கட்டிய குசினியை என் பேத்தி தாளில் கட்டி அவர் கண்ணுக்கு முன்னால் தொங்கவிடப் போகிறாள்.

முன்பக்கத் தோற்றத்தில் மட்டும் குசினியை விட்டு விட்டுப் போட்ட கோட்டால் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். மறைவில் இருக்கிறதை அப்படித்தான் போட வேண்டும் என்றாள். எனக்கு உயிர் வந்தது.

"அப்ப மூணு படத்துலயும் விட்டு விட்டே போட்ருடி. மறைவாத்தான கட்டியிருக்கு."

"அய்யோ அப்பாயி, தொரைக்கு மறைவு வேற, பார்வைக்கு மறைவு வேற. மேலருந்து பாத்தா குசினி தெரியுதுல்ல?"

"அப்ப மேலருந்து பாக்காத."

"இருக்கிறதப் போடணும். இல்லாட்டி மாக்ஸ் வெட்டுவாங்க. சேர் வீட்டுக்கு வந்து பாத்தாலும் பாப்பாரு."

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. குசினியை உடைத்தால் மறுபடி அந்த ஒரே காம்பராவுக்குள் அடுப்பு, அந்தப் புகைக்குள் மருமகளின் இருமல்.

கண்காட்சியன்று காலையிலேயே போய்ப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். மேலிருந்து பார்க்கிற படம் கீழே இருந்தது என் குள்ளத்துக்கு நல்லதாகப் போயிற்று. என் தலை சரியாகக் குசினியை மறைத்தது. துரை வந்தார், கூடவே கண்டாக்கு ஐயா. "பாட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் துரை. "கால் வலி தொர, நகர முடியல" என்றேன். அந்த நல்ல பிள்ளை ஃபாஸில் சேர் ஓடிப்போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து, என் கையைப் பிடித்து, இரண்டு எட்டு அப்பால் உட்கார வைத்துவிட்டார். இவ்வளவு மரியாதையான பிள்ளையை நான் மனதுக்குள் என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

துரை குனிந்தார். விரல் நேரே குசினியில் போய் நின்றது.

"இது என்னா?"

"குசினி சேர்" என்றாள் உன் மகள். குரல் நடுங்கவில்லை. நான்தான் கதிரையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆபீஸ்ல இந்த லயத்துக்கு இப்பிடி ஒண்ணு இல்லையே."

"ஆபீஸ்ல இருக்கிறத நான் வரையல சேர். இருக்கிற வீட்ட வரைஞ்சேன்."

கண்டாக்கு ஐயா மேல் கூரையைப் பார்த்தார். துரை படத்தைப் பார்த்தார், அளவுகளை ஒவ்வொன்றாகப் படித்தார், நம் பின்சுவரில் போகிற வெடிப்பைக்கூட அவள் போட்டிருந்தாள், அதை விரலால் தடவினார். பிறகு கண்டாக்கு ஐயாவிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். போச்சு, நாளைக்குக் கடப்பாறையோடு வருகிறார்கள் என்று நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன். ஃபாஸில் சேர்தான் காதோடு சொன்னார்: "பயப்பிடாதீங்கம்மா. லயத்துக் கூரை மாத்துறதுக்கு இப்ப இருக்கிறபடி ஒரு படம் அனுப்பச் சொல்லி மேலருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்களாம். வரையிற ஆள் மாசக்கணக்கா வரல. இதையே கொப்பி எடுக்கச் சொல்றாரு."

மறுநாள் கொப்பி வந்தது. அதன் மூலையில் ஆபீஸ் முத்திரை, துரையின் கையெழுத்து, "தற்போது உள்ளவாறு" என்று எழுத்து. புரிகிறதா? உன் குசினி இனிமேல் களவுக் குசினி இல்லை. அது உள்ளது. உள்ளதை யார் உடைப்பது? ஒரு பென்சிலும், மருமகளின் மட்டக்கம்பும், என் பிள்ளையின் உண்மையும் சேர்ந்து, நாம் கும்பிட்டுக் கேட்டிருந்தாலும் கிடைக்காததை வாங்கிவிட்டன.

இப்போது வாசலில் கூட்டம். மீனம்மா தேங்காயும் வாழைப்பழமுமாக வந்தாள். "ஏங் கண்ணு, எங்களுக்கும் ஒரு குசினி, பக்கத்துல ஒரு பாத்ரூம் போட்டுக் குடும்மா."

"ஒங்களுக்குத்தான் பின்னால ஒண்ணுமே இல்லையே அத்த?"

"நீ வரைஞ்சு தொரைகிட்ட முத்திரை வாங்கிக் குடு. பொறவு கட்டிக்கிறேன்."

முடியாது என்றுவிட்டாள். இல்லாததை ஒரு அங்குலங்கூடப் போடமாட்டாளாம். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுப் பூரித்துப்போனேன். வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அது சாப்பாட்டு விஷயம்.

ஆகையால் நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே, லீவு போட்டு ஓடிவரவும் வேண்டாம். மேட்டுக் கோயில் மாரியம்மன் உன் தலைக்கு மேலே நிற்கட்டும். கொழும்பிலும் அவளுக்குச் சிக்னல் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு, படத்தில் நாடா பிடித்த
உன் அம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கண்டாக்கு ஐயா வந்துவிட்டுப் போனார். வருகிற சனிக்கிழமை கூரைக்காரர்கள் நாடாவோடு வந்து படத்தையும் வீட்டையும் ஒத்துப் பார்ப்பார்களாம். சுலக்ஷனா உடனே போய் அளந்து பார்த்தாள். படத்தில் இருக்கிற குசினி வீட்டில் இருக்கிற குசினியைவிட ஒன்றரை அடி நீளம். சரியாக ஒரு கோழிக்கூட்டின் அகலம். அழுதுகொண்டிருக்கிறாள். "ஒண்ணு படத்தத் திருத்தணும், இல்லாட்டி சொவரத் திருத்தணும், அப்பாயி" என்கிறாள். படத்தில் துரையின் முத்திரை இருக்கிறது. சுவரில் இல்லை. ஆகையால் லீவு போட்டு வெள்ளிக்கிழமைக்குள் வந்து, பின்சுவரைக் கூட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக் கட்டிவிடு. கோழி இன்னும் அடையில்தான் இருக்கிறது. அதை எழுப்பாமல் கட்டு.