கூழைக்கடாவும் துப்பிய மீன்

பொட்டலத்தின் ஒரு முனை கூழைக்கடாவின் வாயில் இருந்தது. மறுமுனையை ஷவ்கி பிடித்திருந்தான். பக்கத்தில் நின்று அவன் மகள் ரூதைனா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இரண்டு வயது. கையில் கிடைப்பதை எல்லாம் மிருகங்களுக்குக் கொடுத்துவிடுவாள். காலையில் நீர்யானைக்கு ஒரு செருப்பும் ஒட்டகச்சிவிங்கிக்குத் தொப்பியும் போயிருந்தன. ஷவ்கி செருப்பில்லாத காலைத் துடைத்துவிடக் குனிந்த நேரத்தில், தள்ளுவண்டியில் இருந்த பொட்டலம் குளத்துக்குப் பறந்தது.

இப்போது காகிதம் கிழிந்தது. மடவை மீன்கள் பாசித் தண்ணீரில் விழுந்தன. கூழைக்கடா ஒன்றை எடுத்து வாய்ப்பையில் போட்டது. கொஞ்சம் யோசித்தது. துப்பிவிட்டது.

அது ஃபெஸீக். எகிப்தின் வசந்தத் திருநாளான ஷம்முன் நஸீம் அன்று ஊரே மிருகக்காட்சிசாலைப் புல்வெளியில் பாய் விரித்து இதைத்தான் தின்னும். மற்றவர்கள் கடையில் வாங்குவார்கள். மாமனார் ஹாஜி பயூமி மட்டும் தானே மொட்டை மாடியில் மீனை வெயிலில் ஊதவைத்து, பீப்பாயில் உப்புப் போட்டு நாறவைப்பார். பிறகு எல்லோரையும் தின்னவைப்பார். போன வருஷம் மூத்த மருமகன் ஹில்மிக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, மீன் பிரமாதம் என்றான் அவன்.

ஹில்மி முட்டாள் இல்லை. ஷுப்ராவில் இருக்கும் குடும்பக் கட்டடத்தில் நாலாவது மாடி காலியாகியிருந்தது. எந்த மருமகனுக்கு என்பதை இன்று சாப்பிடும்போது சொல்வதாக ஹாஜி அறிவித்திருந்தார். ஷவ்கி தன் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் மனைவி, குழந்தை, அண்ணனின் வாஷிங் மெஷின் ஆகியவற்றோடு வாழ்ந்தான். மெஷின் ஓடினால் கட்டில் நகரும்.

அதனால்தான் சிங்கம் பார்க்கப் போன ஹாஜி, "பூனை வரும், கீழ வைக்காதே" என்று பொட்டலத்தைக் கொடுத்தபோது அவன் பெருமையாக வாங்கிக்கொண்டான்.

குளத்துக் காவலாளியிடம் ஒரு வாளி மீன் இருந்தது, பறவைகளுக்குப் போட. ஷவ்கி தன் சிகரெட் பாக்கெட்டை முழுதாக நீட்டினான்.

"எத்தனை பறவைக்கு?" என்றான் காவலாளி.

"மாமனாருக்கு."

காவலாளி உடனே வாளியைச் சாய்த்தான். அவனுக்கும் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்.

கிடைத்தது மடவைதான். ஆனால் சுத்தமான மீன். ஒரு நாற்றமும் இல்லை. ஷவ்கி பக்கத்துப் பாய்க்காரர்களிடம் போய், அவர்கள் ஃபெஸீக்கில் வடிந்த தண்ணீரைக் கேட்டான். அந்த வீட்டுப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மீன் வேணும்னா தரேன் தம்பி. தண்ணி எதுக்கு?"

"வாசனைக்கு."

அவள் பரிதாபப்பட்டு டப்பாவை அப்படியே கவிழ்த்தாள். பாதி மீன் மேலும் பாதி சட்டை மேலும் விழுந்தது. அவ்வளவுதான், அங்கே திரிந்த பூனைகள் எல்லாம் அவன் பின்னால் வந்தன. துரத்தத் துரத்த இன்னும் வந்தன. ரூதைனா பூனைகளுக்கு ஒரு மீனை எடுத்துக் கொடுத்தாள். மீதியை வேறு காகிதத்தில் சுற்றிக்கொண்டு அவன் மரத்தடிக்கு ஓடினான். அங்கே மாமியார் தவ்லத் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைப் பார்த்தாள், பூனைகளைப் பார்த்தாள், நறுக்குவதைத் தொடர்ந்தாள். அவள் எப்போதுமே அதிகம் பேசாதவள்.

எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ஹாஜி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. ரொட்டியில் வைத்துக் கடித்தார். கடக் என்று ஒரு சத்தம் கேட்டது.

அவர் மெல்வதை நிறுத்தினார்.

"வெயில்ல வெச்ச மீனுக்குள்ள ஐஸ் எப்படிடா வந்துச்சு?"

ஷவ்கியின் மனைவி நஜ்லா முட்டையை உரிப்பதில் மூழ்கினாள். இந்த வருஷம் மீன் குளிர்ச்சியாக, உடம்புக்கு நல்லதாக இருக்கிறது என்று ஹில்மி இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான். வெயில் பட்ட மீன் சில சமயம் உள்ளே குளிர்ந்துபோகும் என்று ஷவ்கி ஏதோ விஞ்ஞானம் ஆரம்பித்தான்.

ரூதைனா குளத்தைக் காட்டினாள்.

"தாத்தா மீன். கோழி துப்பிச்சு."

"எந்தக் கோழி?" என்றார் ஹாஜி.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குளத்தில் ஹாஜியின் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கூழைக்கடாக்கள் எல்லாம் எதிர்க்கரையில் நெருக்கியடித்து நின்றன. ஹாஜி மிதந்த மீன்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பாய்க்குத் திரும்பியதும் நாலாவது மாடி ஹில்மிக்கு என்றார். வாயில் பறவைத் தீனியோடு ஹில்மி எழுந்து அவர் கையை முத்தமிட்டான்.

நஜ்லா ஷவ்கியைப் பார்க்கவே இல்லை. அவன் மகளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். சட்டையைக் கசக்கினான். நாற்றம் போகவில்லை. இனிமேல் நகரும் கட்டிலில்தான் ஆயுள் முழுக்கத் தூக்கம்.

பின்னால் மாமியார் வந்து நின்றாள். முந்தானை முடிச்சைப்போல் சுருட்டி வைத்திருந்த கைக்குட்டையைப் பிரித்து ஒரு சாவியை எடுத்தாள். அதை ரூதைனாவின் கையில் வைத்து, அவள் பூனைக்கு வீசுவதற்குள் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் என்ன வேணா சொல்லட்டும் மாப்பிள்ளை, கட்டடம் எங்கப்பா என் பேருக்கு எழுதி வெச்சது; கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மீனைத் தூக்கிப் போட இந்தக் குடும்பத்துல ஒரு கை பொறக்காதான்னுதான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்."