புற்றுக்கோயில் ஸ்பீக்கரில் மூச்சு விட்டது யார்?

கொம்பியூட்டருக்குள் ஒரு பொருள் இருந்தும் இல்லாமல் போவதை ஒருமுறையாவது பார்த்தவர்கள் பேயை நம்பாமல் இருக்க மாட்டார்கள். நான் நம்புகிறேன். அதுவும் பட்டப்பகல் பேயை.

அப்போது நான் வரக்காப்பொலையில் ஃபோன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்துகொண்டு, பேஸ்புக்கில் என் பெயருக்குக் கீழே ‘இசையமைப்பாளர்’ என்று போட்டிருந்தேன். (இசையமைத்தது ஒரு பிறந்தநாள் வீடியோவுக்கு. அதிலும் கேக் வெட்டும் இடத்தில் சத்தம் வரவில்லை.) எங்கள் தோட்டம் கேகாலைப் பக்கம், இறப்பர் மரங்களுக்கு நடுவே. அம்மன் கோயில் ஒரு கறையான் புற்றைச் சுற்றிக் கட்டியது. புற்றுக்குள் நாகம் இருக்கிறது என்பார்கள். யாரும் பார்த்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வைக்கும் முட்டை சனிக்கிழமை இருக்காது.

அந்த வருடத் திருவிழாவில் கரகம் தூக்க வேண்டியவர் என் அத்தான், அக்காவின் கணவர். அக்கா காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்காக வைத்த நேர்த்தி. ஆற்றங்கரையில் கரகம் பாலித்து, அதாவது பூவும் வேப்பிலையும் சுற்றிச் சோடித்து, தலையில் ஏற்றியதும் உடுக்கைச் சத்தம் கேட்க வேண்டும். அதைக் கேட்டு சாமி வந்து அவர் கோயிலுக்கு ஏறி வர வேண்டும். நடுவில் இறக்கினால் நேர்த்தி பலிக்காது. அன்று காலை பார்த்து, கொடகவெலப் பக்கம் போயிருந்த உடுக்கைக்காரர்கள் மண்சரிவில் பாதை மூடி மாட்டிக்கொண்டதாகச் சேதி வந்தது. கோயில் கமிட்டி தலையைச் சொறிந்தது.

“உடுக்கதானே? லெப்டொப்ல போட்டு விட்டுர்றேன்,” என்றேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என்னிடம் ஒரு பிளக்-இன் இருந்தது. இசை மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் வாத்தியப் பெட்டி மாதிரி. உடுக்கை, உறுமி எல்லாம் அதற்குள் இருந்தன. காசு கட்டாமல் பழகிப் பார்க்கத் தரும் பதிப்பு. அதுவரை நான் அதைத் திறந்ததே இல்லை.

மத்தியானம் தாண்டியதுமே மழை இருட்டு. புற்றுக்குப் பக்கத்துச் சாமான் அறையில் லெப்டொப்பை வைத்தேன். வாடகை சவுண்ட் கொண்டு வந்த நிமல் அய்யா, ஆற்றங்கரைப் பலா மரம் வரை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். மென்பொருளைத் திறந்தால், பட்டியலில் அந்த உடுக்கை இல்லை. ஃபோல்டரில் இருக்கிறது. பட்டியலில் இல்லை. ஸ்கேன் செய்தேன். இல்லை. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அப்போதும் இல்லை. நடு வீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்க, வீட்டார் யார் கண்ணுக்கும் அவர் தெரியாவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ஃபோனில் அக்கா. “டேய், அவரு தலையில ஏத்தியாச்சுடா. உடுக்க எங்க?”

“ரெண்டு நிமிசம்க்கா.”

“கால்ல அட்ட ஏறுதுடா அவருக்கு. எறக்கவும் முடியாது. சாமியும் வரல, உன் சத்தமும் வரல.”

எனக்கு அழுகை வந்தது. கதவுக்கு வெளியே மூடுபனி இறங்கி, இறப்பர் மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அப்போதுதான் ஃபோல்டரின் பெயர் கண்ணில் பட்டது.

பிள்ளையார் சுழி போடாமல் எதையும் தொடங்காத குடும்பம் எங்களுடையது. பாட்டு வேலைக்கென்று முதன்முதலில் செய்த ஃபோல்டருக்கு ‘உ’ என்று பெயர் வைத்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டிருந்தேன். அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வழியில் ‘உ’வைக் கண்டதும், அதற்கப்பால் ஒன்றுமில்லை என்று திரும்பிப் போயிருக்கிறது.

“மன்னிச்சுக்க புள்ளையாரப்பா,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கோயிலுக்குள் இருந்தே பிள்ளையாரை அழித்தேன். ஒரு ஆங்கில எழுத்தை வைத்தேன். ஸ்கேன் ஓடியது. உடுக்கை வந்தது. அதே நேரம் தலைக்கு மேல் பல்பு மங்கி எரிந்தது.

உடுக்கை முழங்கியது. மலையே அதிர்ந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. திடீரென்று சத்தம் அறுந்தது.

“ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...”

எல்லாக் குழாயிலிருந்தும் நீளமாக ஒரு சீறல். பிறகு உடுக்கை. பிறகு மறுபடி சீறல். எதிர் மலை அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னது. லயத்து வீடுகளின் நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. புற்றைப் பார்த்தேன். காலையில் வைத்த முட்டை இல்லை.

“மல்லி, மேக்க ஹொந்த நே,” என்றார் நிமல் அய்யா. இது நல்லதுக்கில்லை தம்பி என்று சிங்களத்தில் சொன்னவர், செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார். பூசாரி மாமா ஓடி வந்து, “தாயி வந்துட்டா!” என்று என் லெப்டொப் மீது மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் மேசைக்கடியில் இருந்தேன். (பிள்ளையாரை அழித்த கை எது என்று எனக்குத்தானே தெரியும்.)

பனிக்குள்ளிருந்து குலவைச் சத்தம். அத்தான் கரகத்தோடு ஓடி வந்தார். கண் பிதுங்க, வாய் பிளந்து, படி படியாக ஏறாமல் தாவித் தாவி வந்தார். புற்றுக்கு முன்னால் கரகத்தை இறக்கிவிட்டுச் சாய்ந்தார். இப்படியொரு உக்கிரமான சாமியைத் தோட்டம் பார்த்ததில்லை என்று கமிட்டியே விழுந்து கும்பிட்டது.

காசு கட்டாத பதிப்பு இடையிடையே அப்படித்தான் சீறும், காசு கட்டு என்று ஞாபகப்படுத்த. மறுநாள்தான் வாசித்தேன். அத்தானிடம் சொன்னேன்.

“மெல்லமா பேசு,” என்றார். “சாமியாவது ஒண்ணாவது. நான் நின்னது அந்தப் பலா மரத்துக்கு அடியில. என் தலைக்கு மேலயே சீறுச்சுடா!”

“கரகத்தப் போட்டுட்டு ஓடியிருக்கலாமே?”

“போட்டா உங்கக்காவுக்கு ஏதாவது ஆயிரும்ல?” என்றார். அதற்குப் பிறகு அவரை நான் கேலி செய்ததில்லை. அக்காதான் செய்கிறாள்.

உடுக்கைக்காரர்கள் இப்போது தவறாமல் வருகிறார்கள். ஆனாலும் ‘அம்மன் மூச்சு’ இல்லாமல் கரகம் கிளம்பக் கூடாது என்று கமிட்டி முடிவு. அந்தப் பிளக்-இன்னைப் பிறகு நான் காசு கட்டி வாங்கினேன். காசு கட்டியதும் அம்மன் போய்விட்டாள். அதனால் கோயிலுக்கென்று அந்த மஞ்சள் கறை லெப்டொப்பைக் காசு கட்டாத பதிப்போடு தனியே வைத்திருக்கிறேன். முட்டையை யார் எடுத்தது என்று மட்டும் இன்றுவரை தெரியாது.

அத்தான் வேலைக்குக் கிளம்பாமல் இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், உட்கார்ந்து கதையளந்தால், அடுப்படியிலிருந்து அக்கா மெல்ல “ஸ்ஸ்ஸ்” என்பாள். அவர் எழுந்து நிற்பதற்குள் நான் எழுந்து நின்றிருப்பேன்.