உசந்த ஜீப்பும் உதிரி மல்லிகையும்

மாடு பார்த்துப் பிடிக்கத் தெரிந்தவளுக்கு உலகத்தில் எல்லாமே பார்த்துப் பிடிக்கத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்தது. (மாடு விஷயத்தில் இன்றைக்கும் என்னை மிஞ்ச ஆளில்லை. அது வேறு.)

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில வருசம். பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை என் வீட்டுக்காரர் வாங்கி வந்திருந்தார். நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓடை, முழுக்கப் பாறை. ஜீப் அதில் இறங்கினால் அடிவயிறு இடித்து அப்படியே உட்கார்ந்துகொள்ளும். நாத்தனார் மகளுக்குத் திண்டுக்கல்லில் கல்யாணம் வைத்திருந்த நேரம். பெண்ணுக்கு மாலையும் பூவும் தாய்மாமன் சீர். "வேற எங்கயும் பூவு சொல்லிராதீக மதினி, எங்க ஜீப்புலயே வந்து எறங்கும்" என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வண்டியை உசத்தத் திண்டுக்கல் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் அந்தோணி கேட்டார்: "என்ன பாரம் ஏத்துவீக?"

"பூவுதான்..." என்றார் இவர்.

பக்கத்தில் நின்ற லாரிக்காரன் சிரித்தான். "பூவுக்கு எதுக்குய்யா ஜீப்பு? சைக்கிள் போதாதா?"

எனக்கு வந்ததே ரோசம்! "நெல்லு மூட்டை ஏத்துவோம், வெங்காயம் ஏத்துவோம், அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏத்துவோம்!" (எங்களிடம் ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடையாது.)

"அப்பச் சரி, அடியில வில்லுப்பட்டை கூடுதலாப் போடணும். ஒண்ணு சொல்லுறேன் தாயி, பாரமில்லாமப் போனா தூக்கி அடிக்கும்."

"அடிச்சா அடிச்சிட்டுப் போகுது."

டயரையும் நான்தான் பார்த்தேன். தட்டினேன், சுற்றி வந்தேன், பல்லைப் பிடித்துப் பார்க்காத குறை. கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர் ஒன்று என் இடுப்புக்கு மேலே நின்றது. "இதுதேன்" என்றேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கூடை கூடையாக உதிரி மல்லிகை ஏற்றினோம். ஈரத்துணி போட்டு மூடப்போனார் இவர். "மூடிக் கொண்டுபோனா சீருன்னு எவன் கண்ணுக்குத் தெரியும்?" என்று உருவிப்போட்டேன்.

ஜீப் ஓடையில் இறங்கியது. அடேயப்பா! இத்தனை நாள் எங்களை மறித்த பாறையெல்லாம் பூனைக்குட்டி மாதிரி கீழே கிடந்தது. தண்ணீர் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அந்த உசரத்தில் உட்கார்ந்து பார்த்தால் சிறுமலைகூடக் கொஞ்சம் பணிந்து நிற்கிற மாதிரி இருந்தது. கரையில் நின்ற ஊர்ச்சனம் வாய் திறந்தது திறந்தபடி. சாமி தேரேறி வரும்போதுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை. என் கண் நிறைந்துபோனது.

அப்புறம் மண்ரோடு. பள்ளத்துக்குப் பள்ளம் ஜீப் எகிறியது. நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தேன். திரும்பிப் பார்க்க எங்கே முடிந்தது?

கல்யாண வீட்டு வாசலில் மேளம் முழங்க இறங்கினேன். நாத்தனார் ஆரத்தித் தட்டோடு வந்து பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்கடி பூவு?"

கூடைக்கு ஒரு கைப்பிடிப் பூதான் கிடந்தது. மேளம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது எனக்கு. பூக்கட்டுகிறவர் நாரை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். முகூர்த்தம் நெருங்குகிறது. ஓடிப்போய் வாங்கலாம் என்றால், பெரிய முகூர்த்த நாள், திண்டுக்கல் கடைவீதியில் ஒரு மொட்டு இல்லை. "தாய்மாமன் வீட்டுச் சீரு வெறுங்கூடையா?" என்று நாத்தனார் அழவே ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் எங்கள் ஊர்க்காரர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார்கள். பெண்கள் அத்தனை பேர் மடியும் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏத்தா, ஓடைக்கரை தொட்டு ரோடே வெள்ளையாக் கெடந்துச்சு. மிதிக்க மனசு வரலை, பெறக்கிட்டு வந்தோம்" என்று மடியை அவிழ்த்தார்கள். மண்ணை ஊதி ஊதிக் கட்டி, கெட்டிமேளத்துக்குச் செத்த முந்தி மாலை மணவறைக்குப் போனது.

அந்தக் கல்யாணப்பெண் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். விசேஷ வீட்டில் என்னைக் கண்டால் போதும், புதுச் சம்பந்திகளைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லுவாள்:

"எனக்கு மாலை போடுறதுக்கு முந்தி ரோட்டுக்கு மாலை போட்டவுக, எங்க அத்தை இவுகதேன்."