வின்சன்ற் அண்ணையின் பதினெட்டுக் குழிகள்

இதை எனக்கு முதன்முதல் சொன்னது பெர்னடெட் அக்காதான். எண்பத்தேழாம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அச்சுவேலியில் சிலுவைப்பாதை முடிந்து, கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டு நின்ற நேரம். தவக்காலத்தில் அப்படிச் சிரிக்கக்கூடாது. நான் சிரித்துவிட்டேன். அடுத்த நாள் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொன்னேன். "ஏன் பிள்ளை சிரிச்சனீர்?" என்று சுவாமி கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அங்காலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

பெர்னடெட் அக்காவின் புருஷன் வின்சன்ற் அண்ணை. மலைநாட்டில் ஒரு கோல்ஃப் சங்கத்தில் முப்பது வருஷம் புல்லுக்குப் பொறுப்பாக இருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டார். கொண்டுவந்தது ஒரு இரும்புத் தடி, ஏழு வெள்ளைப் பந்து, இடுப்பில் ஒரு நாரிப்பிடிப்பு. தடியும் பந்தும் சங்கம் கொடுத்தது. நாரிப்பிடிப்பு அக்கா மண்வெட்டியை நீட்டினால் மட்டும் வரும்.

வீட்டுக்குப் பின்னால் நாலு பரப்புச் செம்பாட்டு நிலம் சும்மா கிடந்தது. அதில் வாழை வைக்க வேண்டுமென்று அக்காவுக்கு எத்தனையோ வருஷத்து ஆசை. எண்பத்தைந்து புரட்டாசியில், கோப்பாயிலிருக்கும் தமையனிடம் கேட்டு இருபது இதரை வாழைக்குட்டி வாங்கிவந்து, கிணற்றடியில் சாக்கால் மூடி வைத்தா. குழி வெட்டினால் நடலாம். வெட்டாவிட்டால் அவ்வளவும் அழுகிப்போகும்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்காவது ரெண்டு குழி?"

"நாரி, பெர்னடெட், நாரி."

இரண்டு கிழமை இதே கதை. அக்கா அந்தோனியாருக்கு நவநாள் தொடங்கினா. ஒன்பதாம் நாள் காலமை அண்ணை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முடிவெடுத்திட்டன். பின்வளவிலை கோல்ஃப் சங்கம் தொடங்கப்போறன்."

அந்தோனியார் வேறு வீட்டு மன்றாட்டை மாறிக் கேட்டுவிட்டார் என்றுதான் அக்கா முதலில் நினைத்தா.

"அதுக்கு என்ன வேணும்?"

"பதினெட்டுக் குழி."

"ஆர் வெட்டுறது?"

"நான்தான்! வேறை ஆருக்கு அந்த நுட்பம் தெரியும்?"

அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா.

சங்கத்துக்கு இரண்டு அங்கத்தவர்கள் அகப்பட்டார்கள். ஒருவர் இளைப்பாறிய சந்தியோகு வாத்தியார், கண் மங்கல். மற்றவர் இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்ரர் இளையதம்பியர். அவர் பச்சைக் கொடி காட்டாமல் ஒருவரும் பந்தை அடிக்க முடியாது. தலைவர் அண்ணை. கூட்டக் குறிப்பு எழுத ஆளில்லை.

"நீர் எழுதும். உம்மடை ஐஞ்சாம் வகுப்புப் படிப்புக் காணும்" என்று அண்ணை அக்காவைப் பார்த்துப் பெரிய மனது பண்ணினார்.

ஒழுங்குகள் கடுமையானவை. சாரம் கட்டிக்கொண்டு விளையாடக்கூடாது. சப்பாத்துப் போட வேண்டும். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் இருமக்கூடாது. தடி மண்ணைக் கிளப்பினால் கிளப்பினவரே மூடி மிதிக்க வேண்டும். வாத்தியார் கலியாணக் காற்சட்டையோடு வந்தார். அது நாற்பதாண்டுக்கு முந்தின இடுப்புக்குத் தைத்தது. முகம் துடைக்கிற லேஞ்சியால் இடுப்பில் முடிந்திருந்தார்.

"குழியைச் சுத்தியிருக்கிற புல்லுத்தான் கோல்ஃபின்ரை உயிர்" என்றார் அண்ணை. "நாள் தவறாமல் தண்ணி விடோணும்."

"வாளியாலை அள்ளினா உங்கடை நாரி என்னாகும்?" என்று அக்கா உருகினா. "கிணத்தடியிலையிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டா..."

"தீர்மானம்! எழுதும்!"

முதல் நாள் ஆட்டம் மூன்று மணித்தியாலம். ஒரு பந்தும் ஒரு குழிக்குள்ளும் போகவில்லை. அக்கா தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுபோனா.

"நான் படிக்காதவள். குழி கொஞ்சம் சின்னனோ?"

"கொஞ்சமோ?" என்றார் வாத்தியார். "பிள்ளை, குழி வெட்டியிருக்கெண்டதையே நான் இப்பதான் அறியிறன்!"

"நாலேகால் அங்குலம்! உலகம் முழுக்க அதுதான் அளவு!" என்று அண்ணை துள்ளினார்.

"உலகத்துக்குக் கண் தெரியும், வின்சன்ற். எனக்குத் தெரியாது."

வாக்கெடுப்பு நடந்தது. இரண்டுக்கு ஒன்று. புதிய அளவு, அகலமும் ஆழமும் ஒன்றரை முழம். அண்ணை கோபத்தில் அலவாங்கை எடுத்தவர், ஐந்து நாளில் பதினெட்டையும் தோண்டித்தான் வைத்தார். நாரி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

இப்போது பந்து குழிக்குள் போனது. போய், அடியிலிருந்த சுண்ணக்கல்லில் பட்டு, துள்ளி வெளியே வந்தது.

"அடியிலை இலைகுழை போட்டா மெத்தை மாதிரி இருக்கும்" என்றா அக்கா. "மேலை கொஞ்சம் ஆட்டெருவும் போட்டா இன்னும் மெத்து."

"தீர்மானம்!"

அடுத்தது கொடி. குழிக்குக் குழி கொடி நிற்க வேண்டும் என்பது விதி. இளையதம்பியர் புகையிரதத்தை மறிக்கிற சிவப்புத் துணியைக் கிழித்துப் பதினெட்டுக் கொடி நட்டார். சண்டைக் காலம்; அன்று பின்னேரமே கொடியைக் கண்டு ஒரு ஆமி ஹெலிகொப்டர் வந்துவிட்டது. ஒரு தரம் சுற்றியது. இரண்டாம் தரம் பதிந்து சுற்றியது. மூன்று அங்கத்தவரும் மூன்று குழிக்குள் பாய்ந்தார்கள். அக்கா கிணற்றடியில் முழங்காலில் இருந்து, "மாதாவே, இந்த மூண்டு விசரரையும் காப்பாத்தும்" என்று உண்மையாகவே அழுதா.

மாதா காப்பாற்றினா. ஹெலி போய்விட்டது. அண்ணையும் மாஸ்ரரும் ஆட்டெருவோடு எழும்பி வந்தார்கள். வாத்தியார் தலைகீழாகப் பாய்ந்ததால் வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. இருவரும் காற்சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். காற்சட்டை வந்தது. வாத்தியார் வரவில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னா. முடிவதற்குள் வாத்தியாரை எடுத்துவிட்டார்கள். அங்கேயே அவசரக் கூட்டம்.

"குழி ஆபத்து. மண் போட்டு நிரப்போணும்" என்றார் வாத்தியார், துவாயைச் சுற்றிக்கொண்டு.

"ஒரு சாண் பள்ளம் விட்டாக் காணும், பந்துக்கு" என்றா அக்கா. "கொடியும் வேண்டாம். மேலையிருந்து பாக்கிறவனுக்கு இது வெறும் வாழைத்தோட்டம் எண்டு தெரியோணும். குழிக்கொரு வாழைக்குட்டி நட்டா என்ன? இலை கொடி மாதிரி ஆடுந்தானே?"

அண்ணை யோசித்தார். "கொடியெண்டா அடிக்கேக்கை பிடுங்கி, பிறகு நடக்கூடியதா இருக்கோணும்."

"நீங்கள் பிடுங்கி வைச்சிருக்கேக்கை அவன் திரும்பி வந்தா?"

மூவரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"நட்டபடி நிக்கட்டும்" என்றார் அண்ணை. "தீர்மானம்! அட, உம்மட்டைத்தான் குட்டி கிடக்குதே!"

"ஓம், கிணத்தடியிலை. ஆனா இருபது கிடக்கு."

"வாத்தியாருக்குப் பழக ரெண்டு குழி கூட வெட்டுறன்" என்று தலைவர் தாராளமாகச் சொன்னார்.

ஐப்பசி மழை வந்தது. குட்டிகள் குருத்து விட்டன. அண்ணை ஒவ்வொரு நாளும் காலமை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு களை பிடுங்கினார், வாய்க்காலைத் திருப்பினார், காய்ந்த சருகை அரிந்தார். கேட்டால் மைதானப் பராமரிப்பு என்பார். ஏழு பந்தில் ஆறு தொலைந்துவிட்டது. மற்ற இருவரும் நிழலில் இருந்து கடதாசிச் சீட்டு விளையாடினார்கள், ஒருவரும் இருமாமல்.

அடுத்த ஆவணியில் முதல் குலை தள்ளியது. அன்று அண்ணை கடைசிப் பந்தை ஓங்கி அடித்தார். அது ஒரு வாழையில் பட்டு, இன்னொன்றில் பட்டு, அவருடைய முழங்காலுக்கே திரும்பி வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் சுற்றிப் பார்த்தார்.

"பெர்னடெட்! இது என்ன?"

"மைதானம்."

"இது வாழைத்தோட்டம்!"

"மெல்லக் கதையுங்கோ. மேலை கேட்டிடும்."

"சங்கத்துக் கொப்பியைக் கொண்டு வாரும்!"

அக்கா கொண்டுவந்தா. அண்ணை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். வாய்க்கால் வெட்டுவது. ஒன்றரை முழக் குழி. குழை, ஆட்டெரு, மண். இருபது வாழைக்குட்டி. நாள் தவறாமல் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் கீழே தலைவரின் கையெழுத்து, கொழுவிய வாலோடு. கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப விளையாடுறதைப் பற்றி எங்கை எழுதிக் கிடக்கு?"

"அதுக்கு ஒருத்தரும் தீர்மானம் கொண்டுவரேல்லை" என்றா அக்கா.

அண்ணை இன்னும் தலைவர்தான். காலமையில் சப்பாத்தோடு தண்ணீர் விடுவதை இப்போதும் காணலாம். நீங்கள் அந்தப் பக்கம் போனால் எனக்காக ஒரு சின்ன உதவி செய்யுங்கள். "மைதானம் எப்பிடி அண்ணை?" என்று கேளுங்கள். தோட்டம் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதேங்கோ. அவருக்கு உடனே நாரி பிடித்துவிடும்.