ரசீது இல்லாத பன்

பன்னைக் கடித்த பிறகுதான், அதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது ரசீது சாருக்கு நினைவு வந்தது.

பாதி பன் வாயிலும் மீதி கையிலும் இருந்தன. மீசையில் கொஞ்சம் கிரீம் இருந்தது. சட்டைப் பையைத் தடவினார். பர்ஸைப் பிரித்து உதறியும் பார்த்தார். கார்டு மட்டும் பளபளவென்று எட்டிப் பார்த்தது. கைக்காசு என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை.

"அதான் கார்டு இருக்கே சார், குடுங்க," என்றார் பேக்கரிக்காரர்.

"மெஷின் வேலை செய்யுதா?"

"புது மெஷின் சார். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும்."

மெஷின் வேலை செய்கிறது என்று கேட்டு முகம் வாடிய வாடிக்கையாளரை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"இதுலயும் மெசேஜ்ல உங்க கடைப் பேரு வருமா?"

"வராம? 'இனிப்பு மாளிகை'ன்னு முழுசா வரும். மணியோட வரும்."

ரசீது சார் எட்டிப் பார்த்த கார்டைப் பர்ஸுக்குள் அழுத்தித் தள்ளினார்.

அவருடைய நிஜப் பெயர் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில் இல்லை. தண்ணீர் மீட்டர் செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு அதிகாரி. குண்டூசி வாங்கினாலும் ரசீது கேட்பார். யாராவது தும்மினால்கூட ரசீது கேட்பார் என்பது தட்டச்சு செய்யும் அம்மாவின் கருத்து. கைக்காசு என்பது கணக்கில் வராத காசு, கணக்கில் வராத காசு குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை ஒருநாள் வீட்டிலும் அமல்படுத்தினார். சமையலறை டப்பாக்களில் மனைவி போட்டு வைத்திருந்த நோட்டுகளையும் சில்லறையையும் திரட்டி வங்கியில் கட்டினார். ஆளுக்கொரு கார்டு வாங்கினார். அவள் வாங்குவது இவர் போனுக்கும், இவர் வாங்குவது அவள் போனுக்கும் மெசேஜாகப் போகும்படி செய்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவு மறைவு கூடாதாம்.

அதன்பிறகு மனைவியால் ஒரு சோப்பு வாங்கக்கூட முடியவில்லை. கடையிலிருந்து வெளியே கால் வைப்பதற்குள் போன் அடிக்கும். "எதுக்கு முந்நூத்தி நாப்பது? சோப்பு அன்னைக்கே வாங்கினியே?" என்று ஆரம்பிப்பார். அவளும் நடுத்தெருவில் நின்று பையைக் கிளறிக் கணக்குச் சொல்வாள்.

எல்லாம் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லும்வரை ஒழுங்காகத்தான் நடந்தது. இனிப்பை வாயில் வைக்கக் கூடாது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு மூன்று முறை அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் இந்தப் பேக்கரிக்கு வந்து, கார்டைத் தேய்த்து, பன் சாப்பிட்டிருக்கிறார். மூன்று முறையும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி கேட்டாள்: "இன்னைக்கு பன் எப்படி இருந்தது?"

மூன்றாம் முறை கேட்டபோது இன்னொன்றும் சொன்னாள். "இன்னும் ஒரு தடவை மாட்டுனீங்க, கார்டு என் கைக்கு வந்துடணும். பஸ்ஸுக்கு மட்டும் காலையில காசு தருவேன். சாயங்காலம் டிக்கெட்டைக் காட்டணும்."

டிக்கெட்டைக் காட்டுவதாவது! ஊரையே ரசீது கேட்டவரிடம் ரசீது கேட்பதா?

"நாளைக்குத் தரேனே," என்று பேக்கரிக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"நீங்க பேசற பேச்சா சார் இது? கடன்ங்கறது கணக்குல வராத பணம்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கதானே! இந்தத் தெருவுல எல்லாரையும் மெஷின் வாங்க வெச்சீங்க. இப்ப நீங்களே இப்படிச் சொன்னா?"

ஏ.டி.எம்.முக்குப் போகலாமா என்று யோசித்தார். அதற்கும் மெசேஜ் போகும். அவர் வீட்டுச் சட்டப்படி பன் தின்பதைவிடக் கைக்காசு எடுப்பது பெரிய குற்றம். கடைசியில் கழுத்திலிருந்த அலுவலக அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதை வெச்சுக்கோங்க. இதோ வந்துடறேன்."

பேக்கரிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எந்தப் பக்கம் சார் தேய்க்கணும்?"

ரசீது சார் பக்கத்து மருந்துக் கடைக்கு ஓடினார்.

"அறுநூறு தேய்ச்சுக்கோங்க. மலிவா ஏதாவது ஒரு மருந்து குடுத்துட்டு, மீதியக் கையில குடுங்க," என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது தப்புன்னு நீங்கதான் சார் போன மாசம் எனக்குச் சொன்னீங்க."

"இப்ப நானே கேக்கறேன்ல! குடுங்க!"

நூறுக்கு ஒரு மூட்டுவலித் தைலமும் ஒரு ஐநூறு நோட்டும் கைக்கு வந்தன. வாசலுக்கு வந்ததும்தான் அடுத்த வம்பு புரிந்தது. மருந்துக் கடையில் அறுநூறு என்று மெசேஜ் போயிருக்கும். அவள் பதறிப்போவாள். பதறினால் துருவுவாள். துருவினால் தான் உளறிவிடுவோம் என்பது அவருக்கே தெரியும். அவள் கூப்பிடுவதற்குள் முந்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று போனை எடுத்தார்.

"ஹலோ... என்னம்மா, சாப்பிட்டியா?" என்றார், குரலில் தேனைக் குழைத்து.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றது.

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு, ஆச்சு. ஒண்ணுமில்ல, மருந்துக் கடையில அறுநூறுன்னு பார்த்துட்டுப் பயப்படாதே. முட்டி லேசா வலிச்சுது. தைலம் வாங்கினேன்."

"அறுநூறா? அப்படியா?" என்றாள். தெரிந்துகொண்டே கேட்கிறாளே என்று அவர் நினைத்தார். "எந்த முட்டி?"

"இடது."

"அடடா. தனியா பஸ் ஏறாதீங்க. தம்பி அந்தப் பக்கம்தான் இருக்கான். வண்டிய எடுத்துக்கிட்டு ஆபீஸுக்கே வரச் சொல்றேன்."

"அவன் எதுக்கு, வேண்டாம்," என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

போகட்டும், நொண்டிக் காட்டினால் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டு பேக்கரிக்குத் திரும்பி, ஐநூறு நோட்டை ஜம்பமாக நீட்டினார்.

பேக்கரிக்காரர் கல்லாவைத் திறந்து காட்டினார். அதற்குள் ஒரு பேனாவும் ஒரு ரப்பர் பேண்டும் இருந்தன.

"சில்லறைக்கு எங்கே சார் போவேன்? நீங்கதான் எல்லாரையும் கார்டுக்கு மாத்திட்டீங்களே."

ரசீது சார் கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் எந்த நேரமும் வந்துவிடுவான். வந்து இந்த வாசலில் பார்த்தால் கதை முடிந்தது.

"மீதிக்கும் பன்னாவே குடுத்துத் தொலைங்க!"

இப்படியாக, இனிப்பு வாயில் படக்கூடாத மனிதர் அடையாள அட்டையை மீட்டுக்கொண்டு, இரண்டு பெரிய பெட்டி கிரீம் பன்னோடு, இடது காலை நொண்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

கொள்முதல் பிரிவே எழுந்து நின்றது. ரசீது சார் கையிலிருந்து தின்பதற்கு ஏதாவது வருவதை அங்கே யாரும் பார்த்ததில்லை. பிரிவு உபசாரத்துக்கு வசூல் செய்தால்கூட ரசீது கேட்டு மானத்தை வாங்குகிறவர்.

"என்ன சார் விசேஷம்?" என்றாள் தட்டச்சு அம்மா.

"பிறந்தநாள்," என்றார். வாயில் வந்தது அதுதான்.

எல்லோரும் கைதட்டினார்கள். கிடைத்தவரைக்கும் லாபம் என்று பெட்டிகளைப் பிரித்தார்கள். மேனேஜர்கூடத் தன் அறையிலிருந்து வெளியே வந்து, ஒரு பன்னை எடுத்துக்கொண்டு, ரசீது சாரின் நாணயத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஊழியர் பதிவேடு பார்க்கும் குமாஸ்தா வாயைத் திறக்கும்வரை.

"சார், பதிவுல உங்க பிறந்தநாள் வேற மாசமாச்சே?"

ரசீது சார் அசடு வழிந்தார். "அது... அது பதிவுல இருக்கற பிறந்தநாள். இது நிஜமானது."

மேனேஜர் பன்னைக் கீழே வைத்தார். "அப்படின்னா நீங்க வேலைக்குச் சேரும்போது குடுத்தது பொய்த் தேதியா?"

"அப்படி இல்ல சார்..."

"நாளைக்குக் காலையில எழுத்துல விளக்கம் வேணும். அத்தாட்சியோட." சொல்லிவிட்டு, கீழே வைத்த பன்னை மறக்காமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தான். "மாமா, முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், பெட்டியைப் பார்த்தான், மாமாவின் மீசையைப் பார்த்தான், பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ரசீது சார் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், உன் அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது. எத்தனை வேணும்னாலும் சாப்பிடு."

"நான் ஏன் மாமா சொல்றேன்," என்று ஒன்றை எடுத்துக் கடித்தான் மச்சான். இன்னொன்றையும் எடுத்தான். "பன் நல்லாத்தான் இருக்கு."

வண்டியில் போகும்போது ரசீது சார் மீசையை நாலு தடவை துடைத்தார். கிரீம் வாசனை போக நெற்றியிலும் கழுத்திலும் தைலத்தைப் பூசிக்கொண்டார். மச்சானின் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டு, வழி முழுக்க அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தார். எந்த வழியாகவும் சேதி கசிய வாய்ப்பே இல்லை. வேலைக்கே வேட்டு வந்தாலும் கார்டு தப்பித்தது. கைக்காசைப் போல உத்தமமான பொருள் உலகத்தில் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை நாள் அதைத் திட்டியதற்காக வருத்தம்கூட வந்தது.

தெருமுனையில் இறங்கி இடது காலை நொண்டியவர், படியேறும்போது பதற்றத்தில் வலது காலை நொண்டினார். மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"இன்னைக்கு பன் எப்படி இருந்தது?"

ரசீது சார் மச்சான் பக்கம் திரும்பினார். அவன் இரண்டு கையையும் விரித்தான்.

"அது எப்படி? அது எப்படி உனக்குத் தெரியும்?" என்று கத்தினார். "சும்மா போட்டு வாங்காதே! மெசேஜே வந்திருக்காது! நான் கைக்காசு குடுத்துல்ல வாங்கினேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது.

அவள் உள்ளங்கையை நீட்டினாள். ரசீது சார் பர்ஸைத் திறந்து, கார்டை எடுத்து, அந்தக் கையில் வைத்தார். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்தக் கால் நொண்ட வேண்டிய கால் என்பதுகூட மறந்துவிட்டது.

"மச்சான், நீயும் சொல்லல. மெசேஜும் வரல. பின்னே எப்படிடா தெரிஞ்சுது?"

மச்சான் அவர் சட்டைப் பையிலிருந்த தன் போனை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

"அந்த மெசேஜை எல்லாம் அக்கா மொத நாளே நிறுத்திட்டா மாமா. நீங்க கூப்பிட்டாலே கணக்குதான் கேப்பீங்களாம், பன் சாப்பிட்ட அன்னைக்கு மட்டும்தான் 'சாப்பிட்டியா'ன்னு கேப்பீங்களாம்."