கம்பிக்குக் கிணத்திலை எத்தினை பங்கு?

அன்புள்ள மருமகன் பிரணவனுக்கு, வட்டுக்கோட்டையிலிருந்து மாமா தம்பிராசா எழுதிக்கொள்வது. நீர் சுகமோ? கனடாக் குளிர் இந்த முறையும் உம்மடை மூக்கைத்தான் பிடிச்சிருக்கோ? எழுதிக்கொள்வது எண்டாலும் எழுதிறது நானில்லை. நான் கதைக்கக் கதைக்கப் போன் எழுதுது. எனக்குத் தெரியாத எழுத்தெல்லாம் உதுக்குத் தெரியுது, எங்கை படிச்சதோ!

விசயத்துக்கு வாறன். நீர் செய்து அனுப்பின, மண்ணின்ரை ஈரம் பாக்கிற கம்பியை வெங்காயப் பாத்தியிலை குத்தினனான். மண் காய்ஞ்சால் போன் வாய்விட்டுச் சொல்லுது. சோக்கான சாமான். ஆனா அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, நேசராஜா மாஸ்ரரின்ரை அடக்கம். நல்ல மனுசன், சைக்கிள் மட்டும் இரவல் தரமாட்டார், அதை விடுவம். போதகர் செபம் முடிச்சு, எல்லாரும் கையிலை மண்ணோடை நிக்கேக்கை என்ரை பொக்கற்றுக்குள்ளை ஒரு பொம்பிளைக் குரல்: "மண் காய்ந்துவிட்டது. உடனே நீர் இறைக்கவும்." போதகரே குழியை எட்டிப் பாத்தார்.

வெக்கத்திலை ஓடிவந்து மோட்டரைப் போட்டிட்டன். எங்கடை கிணத்துக்கு நாலு பங்குக்காரர், ஆளுக்கொரு தண்ணி நாள், உமக்குத் தெரியும்தானே. அதிலை ஒரு பங்குக்காரி, பாலேஸ்வரி அக்கா, வந்து நிண்டா.

"தம்பிராசா, செவ்வாய்த் தண்ணி ஆரின்ரை?"

"உங்கடைதான், அக்கா. கம்பி சொன்னது..."

"கம்பிக்குக் கிணத்திலை எத்தினை பங்கு?"

உடனே உமக்குப் போன் எடுத்து, கம்பிக்கு மண்ணைத் தெரியுது, மனுசரைத் தெரியேல்லை எண்டன். "பிடிக்காட்டிப் பிடுங்கி எறியுங்கோ மாமா" எண்டிட்டு வைச்சிட்டீர். பத்து நாளாப் பதிலில்லை. கம்பி வேலையையே விட்டிட்டீராம், உம்மடை அம்மா அழுகிறா.

மருமோன், ஊரிலை அஞ்சு பேருக்குக் கம்பி குடுத்தனீர். மற்ற நாலு பேரும் "ஒரு குறையுமில்லை" எண்டவை. போய்ப் பாத்தன். மூண்டு கம்பியின்ரை பெட்டியே உடைக்கேல்லை, ஒண்டிலை உடுப்புக் காயுது. குறை சொன்னவன்ரை கம்பி மட்டுந்தான் மண்ணுக்குள்ளை நிக்குது. தண்ணி நாளை அதுக்குப் படிப்பிக்க ஏலாதோ? செத்தவீட்டிலை வாயை மூடப் பண்ண ஏலாதோ? உம்மாலை ஏலும் எண்டு நம்பித்தான் கேக்கிறன். வேலையை விட்டிடாதையும்.

உமக்கும் மனுசி பிள்ளையளுக்கும் ஒரு குறையும் வரப்படாது எண்டு பிள்ளையாரைக் கும்பிடுறன். கம்பியின்ரை குறையை நான் பாத்துக்கொள்ளுறன்.

இப்படிக்கு, மாமா தம்பிராசா.

பி.கு.: தண்ணி நாளைப் படிப்பிக்க வேண்டாம். இப்பதான் பாலேஸ்வரி அக்கா வந்து, "உன்ரை வெங்காயம் என்னமாய் நிக்குது! அது தவிச்சால் என்ரை நாளை எடு, என்ரை மிளகாய் தவிச்சால் உன்ரை நாளைத் தா. எனக்கும் ஒரு கம்பி அனுப்பச் சொல்லு" எண்டிட்டுப் போறா. ஆனா இதிலை புதுக் குறை ஒண்டு கண்டுபிடிச்சிட்டன் மருமோன். ரெண்டு தோட்டமும் ஒரே நேரத்திலை தவிச்சால் உம்மடை கம்பி ஆருக்கு முதல் தண்ணி... ஓம் அக்கா, வாறன், உங்கடை பக்கம் வாய்க்காலை உடைக்காதேங்கோ, நான் இஞ்சை மருமோனோடை கதைச்சுக்கொண்டு...